காத்துக்குப் போட்ட பூட்டு

அடி கோகிலா பாப்பா, எங்கே இருக்கிறாய், ட்யூட்டி முடிந்து ரூமுக்கு வந்துவிட்டாயா, வயிற்றுக்கு ஏதாவது போட்டாயா? போடாவிட்டால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி, காகிதம் எங்கேயும் ஓடிப்போகாது. உன் அப்பன் சின்னக்கண்ணு எழுதுகிறேன். எனக்கு உடம்பு தேவலை, முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சேதி சொல்லிவிட்டுப் போகிறது. மஸ்கட்டில் வெயில் எப்படி, ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே இருப்பதில் கால் வீங்குகிறது என்றாயே, இப்போது இறங்கியதா என்று தெரிய வேண்டும். என் எழுத்து கரும்புச் சோகை சிதறின மாதிரிதான் இருக்கும், பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவனுக்கு அறிவொளி வகுப்பில் கிடைத்தது இவ்வளவுதான், உன் அம்மா இருந்தவரைக்கும் அவளுக்குத்தான் எழுத்து வரிசையாக வந்தது. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் முகம் வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுபோகிறது பாப்பா. கேட்க நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, இன்னா கொழம்பு வெச்ச என்று கேட்டு முடித்துவிடுகிறேன். அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ, "யப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாயே, அப்போது உன் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோய், அப்புறம் போனே கட்டாகிவிட்டதே, அது என்ன என்று கேட்கத்தான் இந்தக் காகிதம். ஆனால் அது ஏன் கட்டானது, அதற்கு நான் என்ன செய்தேன் என்பதையெல்லாம் சொல்லாமல் நேராகக் கேட்டால் எனக்கு மனசு ஒப்பாது, நான் எதையும் குறுக்கு வழியில் சொல்லிப் பழக்கமில்லாதவன், உனக்கே தெரியும்.

நீ வீட்டு நெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து நவுஷாத் என்று ஒருத்தர் வருவார் என்று சொன்னாய், வந்தார். நல்ல மனுசன், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறார், கேமரா மாட்டுவது, நெட் லைன் இழுப்பது எல்லாம் அவரே செய்கிறார். கண்ணாடி நூல் மாதிரி ஒரு ஒயரைக் கம்பத்திலிருந்து இழுத்துவந்து, ரெண்டு கொம்பு வைத்த ஒரு வெள்ளைப் பொட்டியை எங்கே வைக்கட்டும் பெரியவரே என்றார். உன் அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். ராத்திரி விளக்கணைத்தால் பொட்டியின் பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுகிறது, எனக்கும் திரும்பிப் பார்க்க ஒரு முகம். ஆயுத பூசை அன்றைக்கு அருவாளுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தபோது அதற்கும் பட்டையாகச் சந்தனம் பூசிவிட்டேன். அது சூடாகி நின்றேபோனது. நவுஷாத் வந்து பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சுக்கோங்க பெரியவரே, நான் வேணாங்கல, அது மூச்சு வுடற ஓட்டைய ஏன் அடைக்கறீங்க" என்று தன் கைக்குட்டையாலேயே துடைத்துக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் நடந்தது. மாட்டின அன்றைக்கு, பாஸ்வேர்டு என்ன போடலாம், ஒரு பேரும் ஒரு நம்பரும் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், நிமிர்ந்து பார்த்தால் வீட்டு நெற்றியில் சிமெண்டில் கொத்தி வைத்திருக்கிறோமே, கோகிலவாணி இல்லம், கீழே கட்டின வருசம், அதையே போடுங்கள் என்றேன், எனக்கும் மறக்காது பார். அவர் ஒரு மாதிரி சிரித்தார். நம்ம ஊரில் எந்த வீட்டுக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு மாட்டினார், மறுநாள் பொழுது சாயும்போது தெருவே நம்ம வாசலில் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார்கள், போட்டார்கள், கிடைத்துவிட்டது. நமக்கு மலை மறைப்பதால் டவர் எடுக்காது, போன் பேச அணைக்கரை மேல் ஏற வேண்டும், அது உனக்குத் தெரியாததா. அதனால் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் திருப்பூரில் இருக்கும் மகனோடு பேச இங்கேதான் வந்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவன் வாய்க்குக் கொண்டுபோனால் இவள் வாயைத் திறப்பாள். கொளஞ்சியப்பன், நம்மோடு கரும்பு வெட்டினவன், எந்த ஊர்ச் சந்தையில் ஆடு என்ன விலை என்று சத்தமாக வைத்துப் பார்ப்பான், அவனிடம் ஒரு ஆடுகூடக் கிடையாது. நான் நடுவில் உட்கார்ந்து, நாங்கள் கல்வராயன் மலைமேல் கடுக்காய் பொறுக்கப் போன கதையெல்லாம் சொல்வேன். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டேதான் ம் கொட்டுவார்கள். கொட்டட்டுமே. உன் அம்மா போன பிறகு இந்த வாசலில் ம் சொல்ல ஆள் ஏது? தைலம்மாள் வரும்போது அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள், அன்றைக்கு எனக்கு அடுப்பு மூட்டுகிற வேலை இல்லை.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிரிக்கெட் மேட்ச் கடைசி ஆட்டமாம், பக்கத்துத் தெரு ஆட்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு ஆளுக்கொரு போனில் பார்க்கிறார்கள், அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். ஒண்ணு சொல்லணும் என்றாய், உன் கண் கலங்கின மாதிரி இருந்தது, இல்லை படம் கலங்கினதோ தெரியாது. அப்படியே நின்றுபோனாய். நான் போனைத் தட்டுகிறேன், கோகிலா கோகிலா என்கிறேன், வெளியே எவனோ சிக்ஸர் அடித்ததற்கு எல்லாரும் கத்துகிறார்கள். ராத்திரி மறுபடி கூப்பிட்டு, "ஒண்ணுமில்லப்பா, தூங்கு" என்று வைத்துவிட்டாய். எனக்குத் தூக்கம் எங்கே வந்தது. ஊருக்கு வருகிறாயா, இன்னும் ரெண்டு வருசம் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டாயா, உடம்புக்கு ஏதாவதா, யாரையாவது பிடித்திருக்கிறதா, நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் நவுஷாத்தைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் தன் போனில் ஏதோ திறந்து, யார் யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டினார். தெருவே இருந்தது. ஒன்றிரண்டு யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. மலைக்குப் போகிற ரோட்டில் எவனோ பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நான் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, இந்த லைன் உங்க பொண்ணு பேருல இருக்குது. ஊரு பேரு தெரியாதவன் இதுல பூந்து எதனா தப்பு தண்டா பண்ணிட்டான்னு வைங்க, கேக்கறவன் உங்க வூட்டுக்குத்தான் வருவான். வெளிநாட்டுல வேல செய்யற பொண்ணு, அதுக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்றார். நான் அவருக்கு மலைமேல் பார்த்ததைச் சொன்னேன், அங்கே ஒரு வீட்டில் கதவுக்குப் பதில் வெறும் மூங்கில் படல் சாத்திவிட்டு எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள், படல் ஆட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பார்கள், ஒருமுறை நான் அந்த வீட்டில் போய்த் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு என்று ஆரம்பித்தேன். "கதை நல்லாத்தான் இருக்குது, மொதல்ல புது பாஸ்வேர்டு யோசிங்க" என்றார்.

பொட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார், கம்பெனி போட்ட சாவி அதில் இருக்கிறதாம், பொட்டிக்குள்ளே போய் மாற்றுகிற சாவி, யார் வந்து கவிழ்த்துப் பார்த்தாலும் தெரியும், அதையும் மாற்ற வேண்டும் என்று மாற்றினார். பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துவிடலாமாம், அதையும் அடைத்தார். பேரு வேண்டாம், பிறந்த வருசம் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், சுவரில் கொத்தினது வேண்டவே வேண்டாம் என்றார். எழுத்தும் கலந்து போட்டால் நல்லது, ஆனால் எனக்கு இங்கிலீஸ் எழுத்து தெரியாதே, அதனால் நம்பரையே நீளமாகப் போடுங்கள், நான்கூடப் பார்க்கமாட்டேன் என்று நவுஷாத் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு நம்பர் எதுவும் வரவில்லை பாப்பா. அப்புறம் ஒன்று வந்தது. அதைப் போட்டேன். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள், போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்து, "இன்னா சின்னக்கண்ணு, காத்துக்கே பூட்டு போட்டுட்டியாமே, நாங்க இழுத்தா தேஞ்சா பூடும்? பொண்ணு வெளிநாடு போனதும் ஆளே மாறிப்போய்ட்ட" என்றான். உன் பேச்சு பாதியில் நின்றதை ஊருக்குச் சொல்ல முடியுமா. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மறுநாள் பொழுது சாய்ந்ததும் பழக்கத்தில் கோணிச்சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்தேன், ஒரு ஆளும் வரவில்லை. ஆடு மட்டும் வந்து சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. தைலம்மாள் சாயங்காலம் அணைக்கரைப் பக்கம் போவது தெரியும், என் வாசலைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடப்பாள். நான் கடுக்காய்க் கதையை உன் அம்மா போட்டோவுக்கே சொன்னேன், அவளுக்கு அது முன்னமே தெரியும். சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கோகிலா சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவாள், அதற்காகத்தானே என்று நாளைத் தள்ளினேன். வந்தது. நீ கூப்பிட்டாய். அப்படி ஒரு தெளிவு, உன் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நீயும் என்னைப் பார்த்தாய், நானும் உன்னைப் பார்த்தேன். அன்னிக்கு இன்னா சொல்ல வந்த என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, மறந்து போச்சு" என்றாய். நீ எதையும் மறக்கிற பிள்ளை இல்லை. இன்னா கொழம்பு வெச்ச என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். லைன் சரியாக இருந்தது பாப்பா, பேச்சுதான் வரவில்லை.

தைலம்மாள் கரையில் ஏறும்போது வழுக்கிக் கை பிசகி வந்தாள், அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. நவுஷாத்தை மறுபடி கூப்பிட்டு, பாய், இதுக்கு இன்னா வழி என்றேன். இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றார். ஒரே பொட்டியில் வருகிற போகிற ஆளுக்கு என்று தனியாக இன்னொரு பேர் வைக்கலாமாம், அதற்குத் தனிப் பாஸ்வேர்டு, அளந்துதான் விடும், நம்ம லைனைத் தொடாது, வெளியாள் யாராவது வந்துவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு என்ன பேர் வைக்கட்டும் என்றார், காசியம்மாள் என்று வையுங்கள் என்றேன். இப்போது தெருவில் யார் போனைத் திறந்தாலும் உன் அம்மா பேர் வருகிறது, அவள் இருந்தபோதும் அப்படித்தானே, யார் வந்தாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. நவுஷாத் பாஸ்வேர்டை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள், வீட்டுக்குள் வந்து கேட்கிறவருக்கு மட்டும் நீங்களே போட்டுக் கொடுங்கள் என்றார். தைலம்மாள் வந்து கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். இன்னும் சில பேர் வந்தார்கள். கொளஞ்சியப்பன் வரவில்லை. கரைமேல் உட்கார்ந்து ஆட்டு விலை பார்க்கிறானாம். வருவான், வராமல் எங்கே போவான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அந்த நம்பர். காகிதத்தில் எழுதக்கூடாது என்று நவுஷாத் சொல்லியிருக்கிறார், மஸ்கட் வந்து சேர்வதற்குள் எத்தனை கை மாறுமோ, அதனால் எழுதமாட்டேன். ஆனால் எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உனக்குத் தெரிய வேண்டுமே. நீ இத்தனூண்டு இருக்கும்போது, பொழுது சாய்ந்ததும் அம்மா கோழி எல்லாம் கூண்டுக்கு வந்ததா எண்ணிப் பார் என்பாள். நீ விரலை நீட்டி ஒன்று ரெண்டு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பாய், அப்புறம் உனக்குப் பிடித்த இடத்துக்கெல்லாம் தாவுவாய், தினமும் அதே தப்பு, ஒரு நாளும் மாறாது. கடைசியில் கையைத் தட்டி, "அல்லாம் வந்துட்டுதும்மா" என்பாய். உன் அம்மா சிரித்துக்கொண்டே கூண்டைச் சாத்துவாள். அதுதான். நீளம் போதவில்லை என்று அதையே ரெண்டு தடவை எண்ணிப் போட்டேன். உலகத்தில் அது மூன்று பேருக்குத்தான் தெரியும், ஒருத்தி போய்விட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ என்று போட்ட பிறகுதான் பயம் வந்தது.

நல்லபடியாக இரு பாப்பா. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், குலசாமி கூட நிற்கும், உன் கைபட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, தெரியாதவர் அனுப்புகிற எதையும் போனில் அமுக்காதே, இது நவுஷாத் சொன்னது.

இப்படிக்கு, பொழுது சாய்ந்தால் உன் பேரைச் சொல்லி விளக்கேற்றுகிற உன் அப்பா,
சின்னக்கண்ணு.

இன்னொன்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வேறு எதுவும் பேசாதே, நானும் குழம்பு கேட்கமாட்டேன். முதலில் அந்தக் கோழிகளை எண்ணிக் காட்டு, அப்புறம் அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லு, நான் பயப்படமாட்டேன். தைலம்மாள் கைக்குக் கட்டு மாற்ற டவுனுக்குப் போகிறாள், அவளிடம்தான் இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன், வெளியே நின்று கத்துகிறாள், "அண்ணா, பஸ்ஸு அணையத் தாண்டி வந்துகினு இருக்குது, காயிதத்த குடுக்கிறியா, நான் போவட்டுமா" என்று. இதோ வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ சொல்ல வந்தது, இனிமேல் அங்கேயேதான் இருக்கப்போகிறேன் அப்பா என்பதாக இருந்தால்கூட நான்