மாமா விழுந்த விதம்

மார்ச் 3, செவ்வாய்

டைரக்டர் சஹானா என் காட்சியை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டாள். கார்ட்டூனில் குண்டுச் சமையல்காரர் வாத்தைத் துரத்துகிறார். வாழைப்பழத்தோல், சறுக்கல், சுவரில் அவர் உருவத்திலேயே ஓட்டை — எல்லாம் வரைந்தாகிவிட்டது. "ஓடறாங்க, விழறாங்க, ஓகே. சிரிப்பு எங்க ரஞ்சிதம்?" என்றாள். வெள்ளிக்குள் வராவிட்டால் காட்சி வேறு ஆளுக்கு. எனக்குப் பின்னணிச் சுவருக்குக் கலர் அடிக்கும் வேலை.

மார்ச் 4

பேங்க் வேலையை விட்டு அனிமேஷனுக்குப் போனதிலிருந்து மாமனார் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர். வாத்து வரைவதெல்லாம் அவருக்கு வேலையே இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மகனிடம், "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லு" என்கிறார். வின்சென்ட்டும் என் பக்கம் திரும்பி, "உப்பு இல்லயாம்" என்கிறார். புருஷனா, போஸ்ட்மேனா?

மார்ச் 5

இன்று வீட்டிலிருந்தே வேலை. வின்சென்ட் டியூட்டிக்குப் போயாச்சு. சமையலறை ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து, டம்ளரில் ஊறிக்கொண்டிருந்த மாமாவின் பல்செட்டை எடுத்துக்கொண்டது.

"ரஞ்ஷிதம், கதவ ஷாத்து." என்னிடம்தான். நேராக.

மாமா துடைப்பத்தோடு குரங்கைத் துரத்தினார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். எப்போது மாறியதென்று தெரியவில்லை, பார்த்தால் குரங்கு மாமாவைத் துரத்துகிறது. அப்போதுதான் துடைத்த ஈரத்தரை. கால் வழுக்கியது. ஆனால் மனிதர் உடனே விழவில்லை. ஒரு கால் அந்தரத்தில். என்னைப் பார்த்தார். நிதானமாக லுங்கியை இறுக்கிக் கட்டினார். அப்புறம்தான் துவைக்கப் போட்ட துணிக்குவியலில் போய் விழுந்தார். குரங்குகூட நின்று வேடிக்கை பார்த்தது. பல்செட்டைத் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வாளிக்குள் போட்டுவிட்டுப் போனது.

எனக்கு அடக்க முடியவில்லை. "அடி பட்டுச்சா மாமா?"

"ஷிரி. நல்லா ஷிரி."

எதற்குச் சிரித்தேன்? விழுந்ததற்கா? இல்லை. விழும் முன்னே லுங்கியைக் கட்டினாரே — அதற்கு.

மார்ச் 6, வெள்ளி

சமையல்காரர் வழுக்குகிறார். அந்தரத்தில் நின்று நம்மைப் பார்க்கிறார். ஏப்ரன் முடிச்சை இறுக்குகிறார். அப்புறம் விழுகிறார். சஹானாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "காட்சி உன்னுதே" என்றாள்.

மார்ச் 7

மாமாவிடம் போட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

மார்ச் 10

காலையில் ஹாலுக்கு வந்தால் நடுவில் மெத்தை. ஒரு மூலையை வின்சென்ட் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகம் தூக்கக் கலக்கத்தில். மாமா அடிபடாமலிருக்கத் தலையில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"ரஞ்சிதம், போன எடும்மா. பின்பக்கமாவே நடந்து வந்து வுழறேன். படத்துக்கு ஆவுமா பாரு."