பன்னீரில் கலந்த பச்சைச் செண்டு

17-1-71, ஞாயிறு
கடும்பனி. இண்டூரையே காணவில்லை. மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பூசைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெங்களூரிலிருந்து பார்சல். அனுப்பியவன் அருள், பாங்கி குமாஸ்தா. அக்கா மகள் ஸ்டெல்லாவைக் கட்ட ஆசைப்படுகிறவன். அவளுக்கும் ஆசை. அவள் அப்பா, அதாவது என் மச்சான், மட்டும் அசையாத மலை. இரு தரப்புக்கும் ராஜதூதர்: அடியேன்.

உள்ளே ஸ்டெ.வுக்கு ஒரு பாட்டில் செண்டு. பச்சை நிறம். கூடவே எனக்குக் கடிதம்: "பழைய தினுசு, இப்போது யாரும் கேட்பதில்லை என்றார் கடைக்காரர். மோந்ததும் போன தையில் உங்கள் ஊரில் காலையில் பஸ் இறங்கியது ஞாபகம் வந்தது. வாங்கிவிட்டேன்."

சோதனைக்கு ஒரு சொட்டு, மணிக்கட்டில். முதலில் மூக்கில் ஓர் அறை: பச்சைத் தண்டை ஒடித்த கசப்பு. அப்புறம் மல்லி, ஆனால் இலையும் காம்புமாக. மத்தியானம் சலவை வேட்டி. சாயங்காலம் மழையில் நனைந்த மரப்பட்டை. ஒரே சொட்டு! தொப்பூர்க் கணவாயில் லாரிகளெல்லாம் நின்று திரும்பிப் பார்த்திருக்கும்.

இனிப்பே இல்லை. அத்தர் வந்து மடியில் உட்காரும். இது எட்ட நின்று பார்க்கும், நாம்தான் கிட்டப் போகவேண்டும். எங்கேயோ மோந்த வாசனை. எங்கே?

18-1-71, திங்கள்
பனி. தொண்டை கரகரப்பு, சுக்குக் காப்பி.

ஸ்டெ. வந்தாள். மூடியை மட்டும் மோந்தாள். கண் மூடினாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
"நீங்களே வெச்சிருங்க மாமா. அப்பா சரின்னு சொல்லட்டும், அப்புறம் வாங்கிக்கறேன். ஒளிச்சி வெச்சிப் பூசிக்கற செண்டு எனக்கெதுக்குங்க?"

தூது போனேன். மச்சான் கொல்லையில்.
"மாப்ள, அவன் பாங்கியில குந்தி நோட்டு எண்றவன். அவரைக்கும் துவரைக்கும் வித்தியாசம் தெரியுமா? எம் பொண்ணு இந்த மண்ணையே மறந்துருவா."
தூதர் தோற்றுத் திரும்பினார்.

செபஸ்தியார் திருநாளுக்கு: மெழுகுவத்தி, கலர் பேப்பர், சணல், பன்னீர் ஆறு பாட்டில் (வந்தாயிற்று, என் வீட்டில்). பன்னீர் தெளிப்பது பதினோரு வருடமாக என் உத்தியோகம். கவர்னர் பதவி கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

செண்டை எங்கே ஒளிப்பது? பன்னீர் பாட்டில்களுக்கு நடுவில். என் மூளைக்கு நானே கைதட்டினேன்.

20-1-71, புதன்
திருநாள்.

நான் சப்பரம் ஜோடிக்கப் போயிருந்த நேரம் அக்கா என் வீட்டுக்கு வந்து ஏழு பாட்டிலையும் செம்பில் கவிழ்த்திருக்கிறாள். "பாட்டிலு மேல இங்கிலீசுல எழுதியிருந்துது. உசத்திப் பன்னீர்னு நெனச்சேன்டா!"

தெரியாமலே முதல் வீச்சு வீசினேன். சப்பரம், பங்குச் சாமியார், பேண்டுக்காரர், தெரு நாய் வரை பச்சை வாசம். பன்னீரோடு கலந்தும் அடங்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி வரை போயிருக்கும். என்ன செய்ய? இரண்டாம் வீச்சும் வீசினேன்.

முன் கொம்பைச் சுமந்த மச்சான் நின்றுவிட்டார். சப்பரமும் நின்றது. மூக்கை உயர்த்தினார். அத்தர் என்றாலே தலைவலிக்கிற மனுஷன்.
"யாருங்க அவரைக்கா பறிச்சாந்தது? பனியோட பறிச்ச அவரை வாசமடிக்குதே!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தை மாதத்து அவரைக் கொல்லை! தினம் நடக்கிற வழி!

நடுத்தெருவில் உண்மையைச் சொன்னேன். சாமியார் எதிரில் பொய் ஏது? செண்டு, அருள், கடிதம், எல்லாம். மச்சான் கொம்பைத் தோள் மாற்றிக்கொண்டார். கூட்டத்தில் ஸ்டெ. முகம் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

21-1-71, வியாழன்
பனி. விடிந்ததும் மச்சான் வாசலில். கையில் கூடை, ஈரத்தோடு அவரைக்காய்.
"அந்தக் காயிதத்தப் படி மாப்ள."
படித்தேன். பஸ் இறங்கிய வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.
"ஒரு தடவ எறங்குனதுக்கே மூக்குல புடிச்சிட்டுப் போயிருக்கான்." கூடையைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம வரச்சொல்லு."

ஸ்டெ.விடம் ஓடினேன். அவள் அழுதாள், சிரித்தாள், கையை நீட்டினாள்: "செண்டு குடுங்க மாமா."
காலி பாட்டிலைக் கொடுத்தேன். ராஜதூதரின் தலை குனிந்தது. அவள் அதையும் மோந்தாள்.

பெங்களூருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மச்சான் திரும்பி வந்தார், ஜன்னல் வழியே:
"வர்றப்ப ரெண்டு பாட்டிலா வாங்கியாரச் சொல்லு. எனக்கொண்ணு. அவரை தையோட முடிஞ்சிருமில்ல?"