தங்கபுஷ்பம் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் புடவை

27 ஜூலை 2025, ஞாயிறு

மகள் மதிக்கு ஏழு மாதம் முடிந்தது. இன்று முதல் மீன். மாமனார் ராமதாஸ் காத்திவாக்கத்திலிருந்து கெழங்கா மீனோடு வந்தார். பேத்தி வாயில் போகும் முதல் மீன் தன் வலையில் விழுந்ததாக இருக்க வேண்டுமாம். "கடைல வாங்கிக் குடுக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு மாப்ள கடலுக்குப் போறேன்?"

மனைவி நர்மதா வேகவைத்து, முள் எடுத்து, மசித்து ஊட்டினாள். நான் ஸ்டாப்வாட்ச் போட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, இருமல் இல்லை. நோட்டில் எழுதினேன்: மீன் – பாஸ்.

30 ஜூலை

வேலை பார்க்கும் பிளான்ட்டில் ஜூனியர் டென்னிஸோடு சண்டை. ஹீட்டருக்கு நீராவி வால்வைத் திறந்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் "டெம்பரேச்சர் ஏறல, மீட்டரு அவுட்டு" என்று கழற்றப் போனான். "நாப்பது நிமிஷம் ஆவும்டா. தொறந்ததும் ஏறுறதுக்கு அது இன்னா லிஃப்டா?" என்றேன். பொறுமையில்லாதவனை எல்லாம் யார் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள்?

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஒன்பதரைக்கு மீன். பாஸ்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் எதிர்வீட்டு தங்கபுஷ்பம் அக்கா சர்ச்சிலிருந்து வந்தார். வழக்கம்போல் செருப்பைக் கழற்றுவதற்குள் மதியைத் தூக்கினார். மதி அவர் ரோஸ் பட்டுப்புடவை மேல் வாந்தி எடுத்தாள். நாலு தடவை. "வுடு, ஆண்டவரப் பாக்க கட்ன பொடவ, அவரே தொவச்சிக் குடுப்பாரு" என்றார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

9.30 மீன், பாஸ். 11.50 அக்கா. 11.52 வாந்தி. பச்சைப் புடவை.

பிளான்ட்டில் ஏதாவது நின்றுபோனால், நிற்பதற்குச் சற்று முன் எது மாறியது என்றுதான் முதலில் பார்ப்போம். சற்று முன் மாறியது – அக்கா.

11 ஆகஸ்ட்

திருத்தம். வார நாட்களில் அக்கா நைட்டியில் தூக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. ஆக, அக்கா அல்ல, புடவை. பீரோவில் போடும் பூச்சி உருண்டை வாடையாக இருக்கலாம்.

பிளான்ட்டிலிருந்து கேஸ் டிடெக்டரைக் கொண்டுவந்து, கொடியில் காய்ந்த பச்சைப் புடவையிடம் நீட்டினேன். பூஜ்யம். மடிப்புக்குள் நீட்டினேன். பூஜ்யம். அக்கா பின்னாலேயே நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, பொடவைல குண்டு கிண்டு வச்சிகிறனா?"

16 ஆகஸ்ட்

அக்காவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "நாளைக்குப் பாப்பாவத் தூக்காதீங்க. நீங்க தூக்குனாதான் வாந்தி எடுக்குறா." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நர்மதா ராத்திரி சோற்றுத் தட்டை ணங்கென்று என் முன்னால் வைத்தாள். பிறகு ஒரே வாக்கியம். "கொயந்த இல்லாதவங்ககிட்ட இன்னா வார்த்த சொல்லிட்டு வந்துகிற நீ."

ஒரு டெஸ்ட்டுக்காகத்தானே சொன்னேன்?

17 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா வரவில்லை. மீன் மட்டும் வழக்கம்போல் ஒன்பதரைக்கு. கூடுதலாகவே தின்றாள். பாஸ்.

பன்னிரண்டுக்கு வாந்தி. நிக்கவே இல்ல. முகம் வெளுத்துப்போச்சு, கூப்ட்டா கண்ணு தொறக்கல, துணி மாதிரி தோள்ல தொங்குறா – எனக்குக் கையே ஓடல. நர்மதா கத்துன சத்தத்துக்கு ஓடி வந்தது அக்காதான். "ஆட்டோ நிறுத்திகிறேன். மூஞ்சியப் பாத்துகினு நிக்காத, வா." வழி முழுக்க மதி அவர் மடியில். நீலப் புடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெர்லின் டிரிப் ஏற்றினார். மாலையில் மதி என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "மூணு தடவையும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி மீன் குடுத்திருக்கீங்க."

"மீன் பாஸ் மேடம்."

"யாரு பாஸ் போட்டது?"

"நான்."

சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உடனே தடிப்பாக வராதாம். ஒன்றிலிருந்து நாலு மணி நேரம் கழித்து வாந்தியும் சோர்வுமாக வருமாம். முதல் தடவை ஒன்றும் ஆகாமலும் போகலாமாம். இனி வீட்டில் மீன் கிடையாது. எப்போது மறுபடி கொடுத்துப் பார்ப்பது என்று அவர்தான் சொல்வார், அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்து.

18 ஆகஸ்ட்

டென்னிஸிடம் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்தான். "ஏன் மாமு, பாப்பா இன்னா லிஃப்டா?"

19 ஆகஸ்ட்

மூன்று புடவைகளையும் டிரை வாஷுக்குக் கொடுக்கிறேன் என்று அக்கா வாசலில் நின்றேன். மன்னிப்பும் கேட்டேன். கதவு பாதிதான் திறந்தது.

"பொடவ கெடக்கு. அந்த மிஷின எடுத்தாந்தியே, என் மேலயும் ஒரு தரம் வச்சிப் பாத்துரு. உன் மன்சுல இருக்கறது பூடும்."

புடவைகளை வாங்காமலே திரும்பினேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மாமனார் பூசணிக்காயோடு வந்தார். "போட்டுக்காரன் பூசணிக்கா தூக்கினு போறான்னு குப்பமே பல்லக் காட்டுது மாப்ள."

ஒன்பதரைக்கு மசித்துக் கொடுத்தோம். ஸ்டாப்வாட்ச்சை எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் போதும்.

11.50. அக்கா சர்ச்சிலிருந்து வந்து, இந்தப் பக்கம் திரும்பாமல் தன் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். மஞ்சள் பட்டு, புதுசு. நான் மதியைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"நேரம் தெரியும்ல தம்பி?"

"தெரியும்க்கா."

சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

1.30. ஒன்றும் இல்லை. மதி மஞ்சள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். மாமனார் சோற்றுப் பானையைப் பார்க்கிறார். "நாலு மணி நேரம் ஆய்ச்சே மாப்ள, பாஸ் போட்டுத் தொலையேன், பசிக்குது."

இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம் என்றேன்.