ஏறிய முந்நூறு ரூபாய்

எருமப்பட்டி
14.7.1986

அன்புள்ள அப்புசாமி அண்ணனுக்கு,

பாவாயி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். பண்ணையில் கோழிகளும் சுகம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பாலிடெக்னிக் தாளாளருக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிக்க வேண்டாம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். கணக்கில் நான்தான் முதல். பெரியப்பா மகன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

என் பேத்தி சௌந்திரம் உங்களிடம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் மிஷின் படிப்புக்குப் போன முதல் ஆள். சந்தையில் யாரையும் விடாமல் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் சர்க்கார் அவள் உதவித்தொகையில் முந்நூறு ரூபாய் கூட்டியது. அடுத்த வாரமே உங்கள் விடுதிக் கட்டணமும் முந்நூறு கூடியது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உதவி பிள்ளைகளுக்கா, உங்களுக்கா?

தங்கச்சி,
பாவாயி

ராசிபுரம்
21.7.1986

அன்புத் தங்கச்சிக்கு,

"பாவாயிகிட்ட மாட்டிக்கிட்டீங்களா?" என்று உன் அண்ணி சிரிக்கிறாள்.

மறைக்கவில்லை. சர்க்கார் பணம் வரும் என்ற தைரியத்தில்தான் கூட்டினேன். அதே தைரியத்தில்தான் பெண்களுக்கு விடுதியும் கட்டினேன். நான்கு வருஷத்துக்கு முன்பு ஆறு பெண்கள், இன்றைக்கு எண்பத்திரண்டு. உதவித்தொகை இல்லாவிட்டால் எந்த அப்பன் அனுப்பியிருப்பான்?

நீ மட்டும் என்ன? விடுதிக்கு முட்டை உன் பண்ணையிலிருந்துதான் வருகிறது. உதவித்தொகைச் செய்தி பேப்பரில் வந்த மாதமே முட்டைக்கு மூன்று பைசா ஏற்றினாயே!

போகட்டும். சௌந்திரம் மட்டும் பழைய கட்டணம் கட்டினால் போதும். வெளியே சொல்லாதே.

அண்ணன்,
அப்புசாமி

எருமப்பட்டி
26.7.1986

அண்ணனுக்கு,

முட்டை விஷயம் உண்மை. சர்க்கார்தானே கொடுக்கிறது என்று நினைத்துத்தான் ஏற்றினேன். நீங்கள் சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

உங்கள் சலுகை வேண்டாம். சௌந்திரத்துக்கு முந்நூறு வந்தது, முந்நூறு போனது. அவள் அறைத்தோழி பொன்னாயிக்கு? அவள் அப்பன், இந்த ஊர் மாதையன், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கூலி. வருமானச் சான்றிதழ் ஒரு வாரம் பிந்தியதால் அவளுக்கு உதவித்தொகையே இல்லை. கூடின கட்டணம் மட்டும் உண்டு. நேற்று பெட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினான்.

"ஏனப்பா, லீவா?" என்றேன்.

"லீவு இல்லீங்காத்தா. இனி ஊட்டுலயே இருக்கட்டுமுங்க. முந்நூறுக்கு நான் எங்கீங்க போவேன்?"

அந்தப் பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. என் பேத்திக்கு வந்த உதவி, பக்கத்துக் கட்டிலில் படுத்தவளை வெளியே தள்ளிவிட்டது. இதை நான் விடமாட்டேன்.

நாளை முதல் முட்டை பழைய விலைக்கு வரும். வியாழக்கிழமை பொன்னாயியை நானே கூட்டி வருகிறேன். பழைய கட்டணத்துக்கு ரசீது எழுதி வையுங்கள். இல்லையென்றால் அண்ணன் என்று எழுதும் கடைசிக் கடிதம் இதுதான்.

பாவாயி

ராசிபுரம்
1.8.1986

தங்கச்சிக்கு,

நேற்று வேண்டுமென்றேதான் சேலம் போய்விட்டேன். எல்லோர் முன்னாலும் உன்னிடம் தோற்க இஷ்டமில்லை. ரசீதைக் கிளார்க் கொடுத்திருப்பான். உதவித்தொகை கிடைக்காத பதினொரு பேருக்கும் பழைய கட்டணம்தான். கிடைத்தவர்களுக்குக் குறைக்க மாட்டேன். இரும்பு கடையும் லேத் மிஷின் ஒன்றுதான் இருக்கிறது, அதில் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வாங்கப்போகிறேன். இதற்கு மேல் கேட்காதே.

அப்புசாமி

எருமப்பட்டி
5.8.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ரசீது கிடைத்தது. பொன்னாயி அன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒருத்திக்குத்தான் கேட்டேன். நீங்கள் பதினொரு பேருக்குச் செய்தீர்கள். சந்தையில் அதையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கிளார்க், "நீங்க யாருங்க?" என்றான். "உங்க மொதலாளிக்குத் தங்கச்சி" என்றேன். எழுந்து நாற்காலி போட்டான்.

மிஷினை வாங்குங்கள். வாங்கி முடித்ததும் மீதி எழுபத்தொரு பேருக்காகக் கேட்க வருவேன். அன்றைக்குச் சேலத்தில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
பாவாயி