லேபிள் சுரண்டிய இரண்டு ஸ்பீக்கர்கள்

மகள் வெனிங்குக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். தைவான் குளிரில் நீ சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. ஜார்வோ சித்தப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கும்வரை கூப்பிடாதீர்கள், பெருநாளுக்கும் வரமாட்டேன் என்றாய். நானும் கூப்பிடவில்லை. தம்பி வந்து அண்ணன் கையைப் பிடிக்க வேண்டிய பெருநாளில் அண்ணன் தம்பி வாசலில் போய் நிற்க வேண்டுமாம், அதுவும் என் மகள் சொல்லி.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் ஊர்வலத்தில் பாலத்துத் திருப்பத்தில் அவன் ஸ்பீக்கர் லாரியில் நான் செய்து கொடுத்த பெட்டியின் அடிச்சத்தம் தகரம் உருளுவதுபோல் ஆகி நின்றுபோனது. மைக்கைப் பிடித்து, "எங்கண்ணன் படிச்ச படிப்பெல்லாம் அந்தப் பெட்டியில தெரியுதுப்பா" என்றான். ஊரே சிரித்தது, நீ அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தவறு என்மேல்தான் என்று தீர்ப்பு சொன்னாய். பெட்டி செய்யும்போதே ஸ்பீக்கரின் விவரம் கேட்டேன். போட்டி லாரிக்காரன் பார்த்துவிடக் கூடாது என்று எல்லாரையும்போல அவனும் லேபிளைச் சுரண்டி வைத்திருந்தான், இரண்டும் ஒரே ஜோடி என்று சத்தியம் செய்தான். தம்பி சொல்லை நம்பிப் பெட்டி செய்தேன்.

அந்த இரண்டையும் அவன் இப்போது நம் தெருப் பையன்களிடம் தள்ளிவிட்டான். வரும் ஆகஸ்ட் ஊர்வலத்துக்கு இப்போதே பெட்டி வேண்டும் என்று அவர்களில் சப்தோ இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் அரம் போட்டு அகலப்படுத்திய ஆணித்துளைகள், நான் ஒட்டிய ரப்பர், யாரும் பிரிக்கவில்லை. இந்த முறை யார் சொல்லையும் கேட்பதாக இல்லை. ஒவ்வொன்றையும் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தாழ்ந்த சுருதியில் ஒலி கொடுத்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். எந்தச் சுருதியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தானாகத் துள்ளுகிறதோ அதுதான் அதன் இயல்பு. பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்தெடுத்த களிமண்ணைக் கூம்பில் ஒட்டினால் சுருதி இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து கூம்பின் எடையையும் விறைப்பையும் கணக்குப் போட்டுவிடலாம், பெட்டியின் அளவு அதிலிருந்து வரும். அந்த நேரம் பார்த்து ஜார்வோ பைக்கை நிறுத்தினான். "என்னண்ணே, தொட்டில் கட்டி ஆட்டுறீங்க, புள்ள தூங்கிருச்சா?"

ஒன்று முப்பத்திரண்டு ஹெர்ட்ஸில் துள்ளியது, மற்றது நாற்பத்தேழில். வெளியே ஒரே முகம், உள்ளே ஒன்று தொளதொள, ஒன்று விறைப்பு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் தொளதொளப்பானது எல்லை மீறி ஆடி அடித்துக்கொள்ளும். பாலத்தில் கேட்டது அந்தச் சத்தம்தான். அவனிடமே காட்டினேன். "பேரில்லாத சாமானுக்கு நீங்களா ஒரு பேரு வெச்சுக்கிறீங்க" என்று சொல்லிப் போய்விட்டான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

நான் தனித்தனிப் பெட்டி செய்கிறேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "லாரியில அப்பனும் மகளும் நிக்கிற மாதிரி இருக்கும் சார், ஊரு சிரிக்கும்" என்று சப்தோ கெஞ்சினான், சிரிக்கட்டும் என்றேன். பலகை அறுத்தாகிவிட்டது. ஜார்வோ வாசலுக்கு நான் போகமாட்டேன், இந்தப் பெருநாளுக்கும் இல்லை, அடுத்ததற்கும் இல்லை. நீ வந்தால் நம் வீட்டுக்கு வா.

ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கைக்கு வலு குறையாமல் இருக்கட்டும். ஊர்வலத்தை யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள். கைப்பேசியில் அடிச்சத்தம் வராது, மறக்காமல் நல்ல ஹெட்போன் மாட்டிக் கேள்.

உன் அப்பா என்று எழுதக் கை போனது, நிறுத்திவிட்டேன். அப்படி எழுதினால் அப்பாவாயிற்றே என்று பதில் போடுவாய், அந்தப் பதில் எனக்கு வேண்டாம். சொன்னது சரியா என்று பார்த்துவிட்டு எழுது. நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன், கையெழுத்து இல்லாமலே.