கழுகின் மார்பில் குதிரைவீரர்

சனிக்கிழமை இரவு, மான்மவுத் ஜங்ஷன்.

ஜெபக் கூட்டத்தில் காட்டவென்று என் பழைய ரஷ்ய வெள்ளிக்காசை வாங்கிப்போன பக்கத்து வீட்டு அந்தோணி இன்று திருப்பிக் கொடுத்தார். இரட்டைத்தலைக் கழுகு, கிரீடங்கள் எல்லாம் சரி. ஆனால் கழுகின் மார்பில் குதிரைமேல் இருந்து பாம்பைக் குத்தும் புனித ஜார்ஜியார் இடப்பக்கம் பார்க்கிறார். கொடுப்பதற்கு முன் அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டியபோது நான் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் வலப்பக்கம் பார்க்கிறார்.

மாற்றிவிட்டார். இல்லாவிட்டால் காபிகூடக் குடிக்காமல் ஏன் அவ்வளவு அவசரமாகக் கிளம்பினார்?

போய்க் கதவைத் தட்டினேன். “அந்தோணி சார், இது நான் குடுத்த காயின் இல்லையே.”

“என்னையா சந்தேகப்படுறீங்க?” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். தப்பு செய்யாதவர் ஏன் சத்தம் போடவில்லை?

இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுகின் செங்கோலும் உருண்டையும்கூட கால் மாறியிருக்கின்றன. ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் காசுக்குப் பின்னால் என் டி-ஷர்ட்டில் இருக்கும் எழுத்துகளும் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. வீடியோ கால் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் திருப்பிக் காட்டியிருக்கிறது.

ஞாயிறுதோறும் அவர் காரில்தான் பூசைக்குப் போகிறோம்.

நாளை ஞாயிறு.