பூட்டு போட்டபடியே திறக்கிற துப்பாக்கி

மிலிட்டரி அண்ணா,

மணி ஒன்பதே முக்கால். எட்டரைக்கு வரவேண்டிய படம் இன்னும் வரவில்லை. சும்மா உட்கார முடியாமல், வாசல் கேட் தாழ்ப்பாளுக்கு எண்ணெயாவது விடலாமென்று தையல் மிஷின் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நாம் வேலை பார்த்த மல்லசமுத்திரம் பேங்க்கில், உள்வாசலை ஒட்டிய உங்கள் காவல் இரும்பு நாற்காலியில், மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கியும் கையில் கிழிந்த பனியன் துணியுமாக. நீங்கள் துப்பாக்கி துடைக்கிற எண்ணெயும் இதுதானே. நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இதைப் பேச உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. அதனால் பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

என்ன படம் என்று கேட்பீர்கள். முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் மகள், நீங்கள் 'சாமி, சாமி' என்று கூப்பிடுவீர்களே, அவள் இப்போது அமெரிக்காவில் மாட்டு டாக்டர். நாமக்கல்லில் படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போனவள் அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். ஓக்லஹோமா என்று ஒரு மாநிலம். வீடியோவில் பார்த்தால் மேடும் புல்லும் முள்மரமுமாக நம்ம பக்கத்து மேட்டாங்காடு மாதிரிதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போக மட்டும் கார் எடுக்க வேண்டும். அங்கே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஆடு வேறு வளர்க்கிறாள்.

ஆவணி மாதம் ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். "அம்மா, துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன்."

கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "என்னது?"

"ரைஃபிள்மா. இங்க கயோட்டி வருது. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல ஒண்ணு. ரெண்டு ஆட்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு. ஆடு கத்துனா டார்ச்சும் தடியும் எடுத்துட்டு நாந்தான் ஓடறேன்."

"தடியா? அய்யோ, தனியாவா?"

"அதாம்மா சொல்றேன். அப்பறம் ஐப்பசி கார்த்திகைல இங்க மான் சீசன். லைசென்ஸ் எடுத்துச் சுடலாம். க்ளினிக்ல எல்லாரும் போறாங்க. ஒரு மான் கெடச்சா ஆறு மாசத்துக்குக் கறி வாங்க வேண்டாம். மானுக்கும் கயோட்டிக்கும் சேத்து ஒரே துப்பாக்கியா, வெலை கம்மியாப் பாத்துட்டிருக்கறேன்."

"ஏன் கண்ணு, நீ டாக்டருக்குப் படிச்சயா, வேட்டைக்குப் படிச்சயா? நம்மூர்ல மானைச் சுட்டா ஜெயில்ல போட்டிருவாங்க, தெரியுமல்ல?"

"இது நம்மூர் இல்லைமா," என்றாள். "நீ வேண்டாம்னா வாங்கலை. நீயே யோசிச்சுச் சொல்லு," என்று என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

என்னத்தை யோசிப்பது அண்ணா? வாங்காதே என்றால், இருட்டில் தடியோடு ஓடுகிற அவள் கண்ணுக்குள் வந்து நிற்கிறாள். வாங்கு என்றால், வேறொன்று வந்து நிற்கிறது. அது என்னவென்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் அப்பா போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் வர மூன்று மாதம் ஆகும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பேங்க்குக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு நல்ல மழை. பக்கத்துக் கிளைக்குப் பணப்பெட்டியோடு காவலுக்குப் போய்விட்டு நனைந்து திரும்பினீர்கள். குழலில் தண்ணீர் இறங்கிவிட்டதென்று துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துடைத்து எண்ணெய் போட்டு மூடினீர்கள். மேனேஜர் கூப்பிட்டார். துப்பாக்கியை நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். தோட்டாவைத் திரும்பப் போட மறந்துவிட்டீர்கள். விசையைப் பூட்டுகிற சேஃப்டியைத் தள்ளவும் மறந்துவிட்டீர்கள்.

நான் கூண்டுக்குள் கேஷ் எண்ணிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், குழலின் இரண்டு ஓட்டையும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பின்னால் என் மகள் விசையில் விரலோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீங்கள் ஓடி வந்து துப்பாக்கியைப் பிடுங்கினீர்கள். மடக்கிப் பார்த்தீர்கள். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தீர்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நான் மறக்காம இருந்திருந்தன்னா, அம்மிணி..." என்றீர்கள்.

அந்த நேரம் வாடிக்கையாளர் யாருமில்லை, பார்த்தவர் யாருமில்லை. மேனேஜரிடம் சொல்லியிருந்தால் உங்கள் வேலையும் போயிருக்கும், லைசென்ஸும் போயிருக்கும். நான் சொல்லவில்லை. குழந்தைக்கும் தெரிய வேண்டாமென்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஆனால் ஒரு மாதம் உங்களோடு நான் பேசவில்லை. மூஞ்சியைக்கூட நேராகப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

மறுநாள் சாயங்காலத்தில் இருந்துதான் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தீர்கள். ஐந்து மணிக்கு ஷட்டர் இறக்கினதும் என் கவுண்டருக்கு வந்து நிற்பீர்கள். தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மடக்கின துப்பாக்கியை என் பக்கம் திருப்பி, இரண்டு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுக் காட்டுவீர்கள். "காலிங்க அம்மிணி." நான் தலை நிமிராமல், "பாத்துட்டேனுங்க" என்பேன். அதைச் சொன்னால்தான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்புவீர்கள். ஒருநாள் எரிச்சலில், "போதும் விடுங்கண்ணா, தெனமும் இதே ரோதனையா?" என்றுகூடக் கத்தியிருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, "சேஃப்டிய நம்பாதீங்க அம்மிணி. கண்ணையும் வெரலையும் நம்புங்க" என்றீர்கள். நீங்கள் வேலையை விட்டு நிற்கிற நாள்வரை, பதினோரு வருடம், ஒருநாள் தவறவில்லை.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். மூன்று துப்பாக்கியின் படத்தை அனுப்பியிருந்தாள். மூன்றும் போல்ட் வைத்தது; ஒரு தடவை சுட்டால், கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற முடியும். முதலாவது, கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது. கட்டை நீளமாம், இவள் உயரத்துக்குத் தோளில் உட்காராதாம். இரண்டாவது கொஞ்சம் விலை கூட, ஆனால் குட்டையான ஆட்களுக்கென்றே செய்தது. மூன்றாவது வீட்டுக்காரப் பெரியவருடைய பழைய துப்பாக்கி. வால்நட் மரக்கட்டை, நம்ம தேக்கு மாதிரி பளபளவென்று மின்னுகிறது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றாராம். அவளுக்கு அதன் மேல்தான் ஆசை. "உதைப்பும் கம்மிம்மா, மானுக்கும் போதும், கயோட்டிக்கும் போதும்," என்று ஆடு வாங்குகிறவள் பல்லைப் பிடித்துப் பார்த்த மாதிரி வர்ணித்தாள்.

நான்கு நாள் அந்தப் படங்களையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? ஆணி எது, குண்டூசி எது என்று தெரிந்த அளவுக்குத்தான். ஐந்தாம் நாள் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது உங்கள் பேச்சு ஞாபகம் வந்தது. ஒரு தேர்தல் சமயத்தில், துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறும் லட்டியோடு உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது சொன்னது. பட்டாளத்தில் பயிற்சிக்குக் கொடுத்த பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைப் பற்றி. "அதுல சேஃப்டி போட்டா போல்ட்டும் சேந்து பூட்டிக்குமுங்க அம்மிணி. உள்ள இருக்கற குண்டை வெளிய எடுக்கோணும்னா சேஃப்டிய எடுத்தே ஆகோணும். ஊட்டுக்கு வந்து, அக்கடான்னு குண்டை எடுக்கற அந்த ஒரு நிமிசந்தான் எமன். பூட்டு போட்டபடியே தெறக்கற துப்பாக்கியா இருந்தா பாதிப் பேரு பொழச்சிருப்பாங்க."

புளித்தண்ணீர்க் கையோடு ஃபோனை எடுத்தேன். அவள் அப்போது பெரியவர் வீட்டில்தான் இருந்தாள், அந்த மரக்கட்டைத் துப்பாக்கியைப் பார்க்கப் போயிருந்தாள்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சேஃப்டி போட்டுட்டு போல்ட்டைத் தெறக்க முடியுதா பாரு."

ஏதோ இரும்பு தட்டுகிற ஒலி. "தெறக்கலைம்மா. சேஃப்டிய எடுத்தாத்தான் தெறக்குது."

"அப்ப அது வேண்டாம்."

"ரொம்ப நல்ல துப்பாக்கிம்மா."

"நல்லதா இருக்கட்டும். வேண்டாம். அந்தக் குட்டைக் கட்டை துப்பாக்கில அப்படித் தெறக்குதான்னு கேளு. தெறந்தா வாங்கிக்க."

பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வது கேட்டது. "உங்கம்மா வேட்டைக்காரியான்னு கேக்கறாரும்மா. ஏம்மா, உனக்கு இதெல்லாம் யார் சொன்னா?"

அப்போதுதான் அண்ணா, இருபத்தைந்து வருடம் மூடி வைத்ததைச் சொன்னேன். மழை, நாற்காலி, 'டக்' என்ற சத்தம், அதற்கப்புறம் தினமும் ஐந்து மணிக்கு உங்கள் சுண்டுவிரல், எல்லாம். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. பிறகு, "நான் எதுக்கும்மா அங்க போனேன்?" என்று கேட்டாள்.

"சின்னப் புள்ளை, நீயாப் போயிட்டே," என்றேன்.

இரண்டாவது துப்பாக்கியில் பூட்டு போட்டபடியே போல்ட் திறந்தது. அதையே வாங்கினாள். பயிற்சி வகுப்புக்குப் போய் ஒரு மாதம் குறி அட்டையைச் சுட்டுப் பழகினாள். ஒரு கயோட்டியைச் சுட்டாள். அதோடு மற்றவை ஆட்டுக்கொட்டகைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன. வாங்கின அன்றிலிருந்து தினமும் எனக்குக் காலை எட்டரைக்கு, அவளுக்குப் படுக்கப்போகிற நேரம், ஒரு படம் வரும். போல்ட் திறந்திருக்கும், உள்ளே அவள் சுண்டுவிரல் இருக்கும். நான் அனுப்பச் சொல்லவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இட்லி ஊற்றுவேன்.

இன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போயிருக்கிறாள். இன்றைக்குத்தான் படம் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். ஃபோன் அணைந்து கிடக்கிறது. அடுப்புக்கூடப் பற்ற வைக்கவில்லை. தெரியாத்தனமாக ஆபத்துக்கு அவளுக்கு நானே வழி காட்டிவிட்டேனோ?

இப்படிப் பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்ல முடியவில்லை அண்ணா. அதனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இறந்து பதினாறாம் நாள் கழிந்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க உங்கள் வீட்டம்மா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். "உள்ள குண்டு கிண்டு இருக்குதுங்களா?" என்று ஏட்டு கேட்டார். யாரும் தொடவில்லை. நான்தான் வாங்கி, நெம்புகோலைத் தள்ளி மடக்கி, இரண்டு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். "காலிங்க," என்றேன். விரலில் இந்த எண்ணெய் வாசனை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் துப்பாக்கியை ஏட்டிடம் நீட்டிவிட்டேன்.

அவள் தானாகப் போகவில்லை அண்ணா. அன்றைக்குக் கேஷ் ஒத்துவரவில்லை. அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். "போ, போய் மிலிட்டரி மாமா சேர்ல உக்காரு," என்று விரட்டினேன். நாற்காலி மேல் துப்பாக்கி குறுக்கே கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன். பிறகு எல்லாத் தப்பும் உங்களுடையது என்கிற மாதிரி ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் முழுசாக உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டீர்கள்.

இதோ, ஃபோன் அடிக்கிறது.

வந்துவிட்டது அண்ணா. படம் வந்துவிட்டது. திறந்த போல்ட், ரத்தக்கறை படிந்த சுண்டுவிரல். "மான் கெடச்சுதும்மா. உரிச்சு முடிக்க நேரமாயிருச்சு, ஃபோன்ல சார்ஜ் இல்லை. பயந்துட்டயா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குக் கீழே, இத்தனை நாள் போடாத ஒரு வரி: "காலிங்க அம்மிணி."

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "பாத்துட்டேன் சாமி," என்று அனுப்பினேன். பிறகு இன்னொன்றும் அடித்தேன். "அன்னிக்கு நீயாப் போகலை. துப்பாக்கி இருந்ததைப் பாத்துட்டே நாந்தான் உன்னை அந்தச் சேருக்கு அனுப்புனேன். மாமா மேல மட்டும் தப்பு இல்லை."

அவள் படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

அவளிடம் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆனது. உங்களிடம் சொல்ல வாய்ப்பா இல்லை, நீங்கள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கவுண்டருக்கு வந்து நின்றீர்கள் அண்ணா. பதினோரு வருடம் நின்றீர்கள், நான் ஒருநாளும் சொல்லவில்லை.